வீடு திரும்பிய ராத்திரியே: புதிய தூண்டில்காரர்களுக்குச் சில அறிவுரைகள்



கோவளம், முட்டுக்காடு, பழவேற்காடு, பாம்பன் என்று எங்கே போனாலும் கையில் நல்ல ராடும் ரீலுமாக இளைஞர்களைப் பார்க்க முடிகிறது. மகிழ்ச்சியாக இருக்கிறது. எந்த ரீல் வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. வாங்கியதை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்வதன் சாரம் ஒன்றே: கரையிலிருந்து வீடு திரும்பிய ராத்திரியே பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், ரீலைப் பிரிக்க வேண்டிய வேலையே அபூர்வமாகிவிடும்.

1. நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு காய்ந்து போவதில்லை. அதிலுள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நம் கடலோர ஊர்களின் காற்றில் ஈரத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. துணியால் துடைத்து மூலையில் வைத்த ரீல் அதனால்தான் ராத்திரியில் மறுபடி பிசுபிசுக்கிறது. அந்த உப்பீரம் அலுமினியத்தில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும், இரும்பில் துருவாக ஏறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக்கூட குளோரைடு விடாது. புள்ளி புள்ளியாகக் குழி போடும். முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற கழிமுகத் தண்ணீரையும் கடலாகவே எண்ணிக்கொள்ளுங்கள். ஏரியிலும் ஆற்றிலும் பிடித்துவிட்டு வந்தால் ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினாலே பெரும்பாலும் போதும்.

2. கழுவுகிற தண்ணீர் எது என்று பாருங்கள்.

கடற்கரையை ஒட்டிய வீடுகளில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாக முடியும். குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ மழைத்தண்ணீரோ நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வாளியில் பிடித்துப் பாத்திரம் கழுவ வைத்திருப்பீர்கள். அதை ரீலுக்குத் தொடவே வேண்டாம். குடிநீரிலிருந்து பிரிக்கப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

3. பூ போலத் தெளியுங்கள்.

முதலில், மீன் இழுக்கும்போது நரம்பை நழுவ விடும் டிராக்கின் குமிழை நன்றாக இறுக்குங்கள். நரம்பு சுற்றிய ஸ்பூலுக்குள் இருக்கும் டிராக் வாஷர்களுக்குத் தண்ணீர் போகாமலிருக்கும். பிறகு செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலாலோ, மெல்லத் திறந்த ஷவராலோ, எல்லாப் பக்கமும் நனைகிற மாதிரி கழுவுங்கள். டியூபை அழுத்திப் பிடித்துப் பீய்ச்சக் கூடாது. வேகமான தண்ணீர் வெளியே இருக்கும் உப்பையும் மணலையும் உள்ளே தள்ளிவிடும். வாளியில் முக்கவும் கூடாது. வெந்நீர் வேண்டாம், கிரீஸ் இளகிவிடும்.

4. கழுவிய பிறகு டிராக்கைத் தளர்த்துங்கள்.

இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். இறுக்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் வாஷர்கள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை மீன் இழுக்கும்போது டிராக் சீராக நழுவாமல் விட்டு விட்டுப் பிடிக்கும். ஆகவே ரீலை உதறி, பழைய பனியன் துணியால் ஒற்றியெடுத்து, டிராக்கை முழுதும் தளர்த்தி, ஸ்பூலைக் கழற்றி இரண்டையும் தனித்தனியாக நிழலில் உலர விடுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். நைலான் நரம்புக்கு வெயில் எதிரி. உலராத ரீலை உறைக்குள் போட்டு மூடுவதும் கழுவாமலே வைப்பதற்குச் சமம்.

5. லைன் ரோலரைத் தனியாகக் கவனியுங்கள்.

நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடும் கம்பியான பெயில் ஆர்மின் ஓரத்தில், நரம்பு திரும்புகிற இடத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஓர் உருளை இருக்கும். ரீலிலேயே அதிகம் நனைவதும் அதிகம் உழைப்பதும் அதுதான். கடலிலிருந்து வரும் ஒவ்வொரு சொட்டும் நரம்போடு அதன் மேல்தான் ஏறுகிறது. விரல் நுனியால் தள்ளிப் பாருங்கள், தடையில்லாமல் சுழல வேண்டும். நரநரவென்றால் உள்ளே உப்பு இறுகியிருக்கிறது. சுழலாமல் நின்றுவிட்டால் நரம்பு ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்து அதில் கோடு விழும். பிறகு அந்தக் கோடு நரம்பையே அறுக்கும். மாதம் ஒரு முறை ஒரு சொட்டு எண்ணெய் போதும். ஒரு விதிவிலக்கு உண்டு: டைவா நிறுவனத்தின் மேக்சீல்டு வகை ரீல்களில் காந்த எண்ணெய் அடைத்த இடங்களில் வெளி எண்ணெய் விடக் கூடாது. பெட்டியோடு வந்த தாளைப் படித்துவிட்டு எண்ணெயைக் கையில் எடுங்கள்.

6. எண்ணெய் வேறு, கிரீஸ் வேறு.

வேகமாகச் சுழல்பவற்றுக்கு எண்ணெய்: பேரிங், லைன் ரோலர், கைப்பிடிக் குமிழ், பெயில் ஆர்மின் கீல். பற்களோடு பற்கள் உரசுபவற்றுக்கு கிரீஸ்: பெரிய கியர், அதில் பொருந்தும் பினியன். எண்ணெய் ஒரு சொட்டு. கிரீஸ் பற்களில் மெல்லிய பூச்சு. அதிகம் வைத்தால் சுழற்சி கனக்கும், மணலும் வந்து ஒட்டும். கைப்பிடியைப் பின்பக்கம் சுற்ற விடாமல் தடுக்கும் ரோலர் கிளட்ச் மட்டும் கிரீஸுக்கு ஆகாது. அங்கே கிரீஸ் ஏறினால் உருளைகள் பிடிக்காமல் வழுக்கும். தூண்டிலை உதறிக் கொக்கி ஏற்றுகிற நேரத்தில் கைப்பிடி பின்னால் ஓடிவிடும். சுத்தமாகத் துடைத்து மிக மெல்லிய எண்ணெய் தொட்டு வைத்தால் போதும்.

7. வீட்டிலிருப்பதையெல்லாம் ஊற்றாதீர்கள்.

ரீல் எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்கு உதவும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். நாளாக ஆக சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். டபிள்யூ.டி.-40 என்பது 1953-ல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்க உருவான திரவம். இறுகிப்போன திருகை இளக்க அது நல்லது. ரீலுக்குள் அடித்தால் இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும். அதை மசகு என்று நம்பக் கூடாது. பெட்ரோல் பிளாஸ்டிக் பாகங்களைக் கெடுக்கும், தீ அபாயமும் உண்டு. பழைய கிரீஸை எடுக்க மண்ணெண்ணெய் தொட்ட பல் துலக்கும் பிரஷ் போதும். பிறகு முழுதும் துடைத்து உலர்த்திவிட்டே புது கிரீஸ் வையுங்கள்.

8. நரம்பும் ரீலின் ஒரு பாகம்தான்.

பல இழை பின்னிய பிரெய்டு நரம்பின் இழைகளுக்கு நடுவே உப்பு தங்கும். மேலாகத் தெளிப்பது அதற்குப் போதாது. வாரம்தோறும் போகிறவர்கள் மாதம் ஒரு முறையாவது ஸ்பூலை மட்டும் கழற்றி நல்ல தண்ணீரில் ஊறவைக்கலாம். அதற்கு முன் டிராக் வாஷர்களை வெளியே எடுத்து, வரிசை மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை இழையான மோனோ நரம்பு வெயிலிலும் உபயோகத்திலும் பலமிழக்கும். கையில் எடுத்தால் சுருள் சுருளாக நின்றாலோ, தடவினால் சொரசொரத்தாலோ மாற்றிவிடுங்கள். பிரெய்டில் முன்பாதிதான் தேயும். தலைகீழாகச் சுற்றிக்கொண்டால் தேயாத பாதி மேலே வரும், செலவும் மிச்சம். சுற்றும்போது ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள்.

9. ராடின் வளையங்களைப் பஞ்சால் சோதியுங்கள்.

கைடு வளையங்களுக்குள் இருக்கும் பீங்கான் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. காது குடையும் பட்ஸை வளையத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் உங்கள் நரம்பு அறுகிறது. வளையத்தின் பாதம் ராடோடு சேரும் இடத்தில், நூல் கட்டின் ஓரமாக, பச்சையோ பழுப்போ தெரிந்தால் உப்பு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். ரீல் உட்காரும் இடத்தின் திருகு மரைகளையும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ரீலை ராடிலேயே மாதக்கணக்கில் விட்டுவைத்தால் இரண்டும் ஒன்றாக இறுகிவிடும்.

10. ராடைக் கல்லில் கிடத்தாதீர்கள்.

தூண்டில் வளைவுக் கற்களில் நின்று வீசுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். கார்பன் ராடு வளைவைத் தாங்கும், கீறலைத் தாங்காது. இன்று கல்லில் பட்ட சின்ன வெட்டு, என்றோ ஒரு நாள் நல்ல பாறை மீன் இழுக்கும்போது முறிவாக வெளிப்படும். இரண்டு துண்டு ராடின் இணைப்பைத் துடைத்து, மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து வையுங்கள். இறுக்கமாகப் பொருந்தும், கழற்றவும் வரும். இறுகிவிட்டால் வளையங்களைப் பிடித்துத் திருகாதீர்கள், இருவர் சேர்ந்து நேராக இழுங்கள். டெலஸ்கோப் ராடில் கணுக்களைத் துடைத்து, அடிக்கணுவிலிருந்து தொடங்கி மடக்குங்கள். சாய்த்து வைத்தால் நாளடைவில் வளையும். செங்குத்தாகவோ, இரண்டு மூன்று இடத்தில் தாங்கல் கொடுத்துப் படுக்கையாகவோ வையுங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும் பொருள். மின்கம்பிக்கு அடியிலும் இடி மின்னலிலும் ராடைத் தூக்காதீர்கள். இது ராடைக் காக்க மட்டும் சொல்வதல்ல.

11. ரீலைப் பிரிப்பதற்கு முன் யோசியுங்கள்.

சுற்றும்போது அரைக்கிற சத்தம், கைப்பிடியில் தளர்ச்சி, கழுவியும் போகாத கனம் — இவை இருந்தால் பிரிக்கலாம். இல்லாவிட்டால் வருஷம் ஒரு முறை போதும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் வலை சீர்செய்வதும் அந்த நாட்களில்தான். நமக்கு அந்தத் தடை இல்லை என்றாலும், அந்த நாட்களையே நம் ரீலின் பழுது நாளாக வைத்துக்கொள்ளலாம். வெள்ளைத் துணி விரித்த தாம்பாளத்தில் வேலை செய்யுங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து, முட்டை அட்டைக் குழிகளில் வரிசையாகப் போடுங்கள். பெயில் ஸ்பிரிங் தெறித்தோடும். ரீலைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கழற்றினால் தேட வேண்டியிருக்காது. திருகு இளகாவிட்டால் பலம் காட்டாதீர்கள், சில திருகுகள் எதிர்த்திசையில் கழலும். கிளட்சைப் பிரிப்பதைப் பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.

12. கொக்கியையும் குப்பையையும் மறக்காதீர்கள்.

உபயோகித்த லூரை (போலி இரையை) ஈரத்தோடு பெட்டியில் போட்டால் ஒன்றின் துரு பத்துக்கும் பரவும். கழுவி உலர்த்தியே சேருங்கள். ரப்பர் மீன்களைப் பிளாஸ்டிக் லூரோடு ஒரே அறையில் வைக்காதீர்கள், இளகி ஒட்டிக்கொள்ளும். வெட்டியெறியும் நரம்பைக் கரையில் விடவே கூடாது. பழவேற்காட்டுப் பறவைகளின் காலில் சுற்றினால் அவற்றால் அவிழ்க்க முடியாது. விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி வீட்டுக் குப்பைக் கூடையில் போடுங்கள்.

13. போவதற்கு முன் டிராக்கைக் கையால் இழுத்துப் பாருங்கள்.

நரம்பு தாங்கும் எடையில் கால்பங்கில் டிராக் நழுவ வேண்டும். பத்து கிலோ நரம்பானால் இரண்டரை கிலோவில். லக்கேஜ் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டி இழுத்தால் தெரிந்துவிடும். எடை மட்டும் பார்த்தால் போதாது. நழுவல் தொடக்கம் முதல் ஒரே சீராக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இத்தனையும் ஏன் சொல்கிறேன் என்றால், ரீல் கெட்டால் நமக்குப் பணம்தான் நஷ்டம். டிராக் இறுகி நரம்பு அறுந்தால், கொடுவாவோ சீலாவோ வாயில் கொக்கியும் பின்னால் பல மீட்டர் நரம்புமாகப் போய்விடும். அந்த நரம்பு எங்காவது பாறையில் சிக்கினால் அதற்குத் தப்பிக்க வழியில்லை. பிடிக்கிற மீனைப் பிடிக்கவும், விடுகிற மீனை உயிரோடு விடவும் நம் சாதனம் ஒழுங்காக இருக்க வேண்டும். தூண்டிலைக் கையில் எடுத்தவருக்கு அது கடமை. அதற்குக் கேட்பது ராத்திரியில் பத்து நிமிஷமும் ஒரு குவளை நல்ல தண்ணீரும்தான். களைத்து வந்தாலும் அதைக் கொடுத்துவிட்டுப் படுங்கள்.