நெடுந்தீவுக்குக் கட்டுச்சோறு கட்டுமுன்

1. மாசி முதல் சித்திரை வரை கடல் பெரும்பாலும் அமைதி. சோளகக் காற்று பெயர்ந்தால் படகு நன்றாக ஆடும். ஆவணி விடுமுறையில் பிள்ளைகளோடு போவதென்றால், முதல் நாளே படகு ஏறும் குறிகட்டுவான் துறைப் பக்கம் யாரிடமாவது காற்றைக் கேட்டுவிடுங்கள்.

2. கிளிநொச்சி, முல்லைத்தீவுக்காரர் பரந்தனில் திரும்பிப் பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாகவும் யாழ்ப்பாணம் போகலாம். பூநகரிக் கோட்டையைத் திரும்பி வரும்போது பாருங்கள். போகும்போது இறங்கினால் படகு காத்திராது.

3. புட்டும் தேங்காய்ப்பூச் சம்பலும் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். புளிச்சோறுதான் தோது. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறி, அகன்ற தட்டில் பரப்பி, முழுதாக ஆறிய பிறகே வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள்; சூட்டோடு கட்டினால் ஆவி வேர்த்துச் சோறு நொந்துபோகும். மோர்மிளகாய், கருவாட்டுப் பொரியல் நல்ல சோடி. ஆனால் படகில் பொதியை அவிழ்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஏற்கெனவே குமட்டிக்கொண்டிருக்கும்.

4. தண்ணீர்ப் போத்தல்களில் பாதியை முதல் நாள் இரவே உறையவைத்து, ஈரத் துவாயில் சுற்றி எடுங்கள். போத்தலை முக்கால்வாசிதான் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். தீவில் பல கிணறுகள் உவர். குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோவதே நல்லது.

5. படகுப் பயணம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் இருந்து, தேசிக்காயை முகர்ந்துகொண்டு தூரத்தைப் பாருங்கள். உயிர்காப்பு அங்கி தந்தால் வெட்கப்படாமல் போடுங்கள்.

6. இறங்கியதும் முதல் வேலை, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்பது. ஓட்டோவுக்குச் சில்லறைக் காசு வேண்டும்.

7. எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம். முருகைக்கல்லால் எழுந்த ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்குமரம், வெளியில் மேயும் குதிரைகள், இவை போதும். ‘வளரும் கல்’லை விட்டாலும் நட்டமில்லை என்பது என் எண்ணம். குதிரைக்கு மிச்சச் சோறு போடாதீர்கள். மரத்தில் பெயர் கீறவும் வேண்டாம், முருகைக்கல் பொறுக்கவும் வேண்டாம்.

8. கடற்கரையில் நிழல் குறைவு. பழைய பருத்திச் சேலை ஒன்று கொண்டுபோனால் கூடாரம், விரிப்பு, உடுப்பு மாற்ற மறைப்பு மூன்றுக்கும் ஆகும்.

9. கடலில் நனைந்த உடுப்பை நல்ல தண்ணீரில் அலசாமல் காயப்போட்டால் உப்பு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். பையின் சிப் இறுகினால் மெழுகுதிரியால் தேயுங்கள். மோட்டார் சைக்கிளைத் துறையில் விட்டுப் போனவர்கள், வீடு வந்ததும் செயினைக் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள்.