‘சம்’ என்னும் சொல்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவன்

“இந்தச் சம்மைப் போட்டாயா?” என்று கேளாத மாணவர் நம் வகுப்பில் இலர். ஆங்கிலத்தில் இச்சொல் பள்ளிக் கணக்கை மட்டுமன்றி, கூட்டி வந்த விடையையும் பணத்தையும் குறிக்கும். நீதிபதி இரு தரப்பு வாதங்களைச் சுருக்கித் தொகுத்துரைப்பதும் இச்சொல்லாலேயே வழங்கும்.

சொல்லின் பிறப்பு

இதன் மூலம் இலத்தீன் மொழியின் ‘சும்மா’. நாம் சும்மா சொல்லும் ‘சும்மா’ அன்று! ‘மிக உயர்ந்தது’ என்பது அதன் பொருள். உயர்ந்தது எவ்வாறு கூட்டுத்தொகை ஆயிற்று? நாம் எண்களைக் கூட்டி, கோடு கிழித்து, விடையை அடியில் எழுதுகிறோம். பண்டை உரோமானியர் கீழிருந்து மேலாகக் கூட்டி விடையை உச்சியில் எழுதினர். அதனால் உச்சி எண்ணே அப்பெயர் பெற்றது என்பர் சொல்லாய்வாளர். பிரெஞ்சு வழியாக இது ஏறத்தாழ 1300-இல் ஆங்கிலம் புகுந்தது. மலையுச்சியாகிய ‘சம்மிட்’, சுருக்கமாகிய ‘சம்மரி’ ஆகியவை இதன் உடன்பிறப்புகள். ‘சில’ எனப் பொருள்படும் ‘சம்’ ஒலியால் மட்டுமே ஒன்று; பிறப்பால் வேறு.

கணிதத்தில்

ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1675 அக்டோபரில் எழுதிய குறிப்பொன்றில், ‘சும்மா’வின் முதலெழுத்தான எஸ்ஸை நீட்டி எழுதினார். அதுவே நாம் இன்று எழுதும் தொகையீட்டுக் குறி. 1755-இல் ஆய்லர் கூட்டலுக்கு ஆண்ட சிக்மாவும் கிரேக்க மொழியின் ‘ஸ’கர எழுத்தே.

குறியின் பொருளைச் சிறு கணக்கால் காணலாம். ஓர் எண்ணின் வர்க்கத்தைக் காட்டும் வளைகோட்டின் கீழ், 0 முதல் 1 வரையுள்ள பரப்பை 10 சம அகலப் பட்டைகளாக்கி, ஒவ்வொன்றின் வலது ஓரத்து உயரத்தைக் கொண்டு கூட்டினால் 0.385 வரும். 100 பட்டைகளாக்கினால் 0.33835. பட்டைகள் மெலிய மெலிய விடை மூன்றில் ஒன்றை நெருங்கும். அந்த எல்லையே தொகையீடு. ஆக, அந்த நீண்ட குறி ‘கூட்டு’ என்றே நமக்குச் சொல்கிறது.

நமக்கு என்ன?

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, இங்கே ஆங்கில நூலை எதிர்கொள்கிறேன். என்னைப் போன்றோர் பலருக்கு அக்குறி வெறும் கொக்கியாகத் தோன்றுகிறது. மனப்பாடம் செய்து, சலித்து, படிப்பையே விட எண்ணுவோரும் உண்டு. ஆனால் பள்ளியில் நாம் இதைத் ‘தொகை நுண்கணிதம்’ என்றல்லவா படித்தோம்! தொகை என்றால் கூட்டி வந்தது, பணமும் தொகைதான். இலத்தீன் சொல் விடை நின்ற இடத்தைச் சொன்னது. தமிழ்ச் சொல்லோ தொகுக்கும் செயலையே சொல்கிறது. லைப்னிட்ஸ் ஓர் எழுத்தில் அடக்கிய கருத்து நம் கையில் முன்பே இருந்தது.

எனவே, தமிழ்வழியில் வந்த நண்பர்களே, ஆங்கிலச் சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டா. அதன் வேரைக் கேளுங்கள். அதற்கு நேரான தமிழ்ச் சொல்லை அருகில் எழுதிப் பாருங்கள். பாதிக் கணக்கு அங்கேயே விளங்கிவிடும்.