பொருத்திய பல் எத்தனை வருஷம் நிற்கும்?

தாடையெலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து அதன்மேல் வைக்கும் பல் எவ்வளவு காலம் நிலைக்கும் என்று பலர் கேட்கிறார்கள். சுவீடன் தேசத்தில் டாக்டர் பிரோனமார்க் 1965-ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இதைச் செய்தார். அந்த நோயாளி 2006-இல் மரிக்கும்வரை, சுமார் 40 வருஷம், அத்திருகுகள் பயன்பட்டன.

எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. மேலுள்ள பல் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். திருகே ஆடினால் பெரும்பாலும் கழற்ற வேண்டியதுதான். டைட்டானியம் சொத்தையாகாது என்பது மெய். ஆனால் அதைத் தாங்கும் ஈறும் எலும்பும் நம் சரீரமல்லவா? அழுக்குப் படிந்தால் ஈறு வீங்கும். கவனியாமல் விட்டால் எலும்பு கரையும். ஆரம்பத்தில் வலி இராது. துலக்கும்போது இரத்தம் கசிந்தால் அதுவே எச்சரிப்பு. உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

காலையும் இரவும் மிருதுவான பிரஷால் துலக்குங்கள். இடுக்குகளைச் சுத்தம் செய்ய அதற்கென்றே விற்கும் சிறு பிரஷை உபயோகியுங்கள். புகையிலையை அறவே விடுங்கள். சர்க்கரை வியாதியைக் கட்டுக்குள் வையுங்கள். குறையில்லாவிட்டாலும் ஆறு மாதத்திற்கொருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மிகுந்த செலவில் பெற்றதை உண்மையுள்ள உக்கிராணக்காரரைப்போல் காத்துக்கொள்ளுங்கள்.