பைபர்கிளாஸினால் நீர்த்தொட்டிகளைச் செப்பனிடல்: துணியும் பிசினும் தெரியும் முறை

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. மிளகாய், வெங்காயம் முதலிய தோட்டப் பயிர்கள் கிணற்று நீரையே நம்பியுள்ளன. ஆதலால் தொட்டி ஒழுகுமாயின் நீரும், அதனை இறைத்த செலவும் ஒருங்கே வீணாகும். பைபர்கிளாஸ் கொண்டு தொட்டியைச் செப்பனிடலாம். எனினும் பொருத்தமற்ற துணியையும் பிசினையும் சேர்த்தால், ஒட்டு சில மாதங்களில் கழன்றுவிடும்.

இத்தொழில் நமக்குப் புதிதன்று. 1967 இல் தொடங்கப்பெற்ற சீ-நோர் நிறுவனம் காரைநகரிலே பைபர்கிளாஸ் படகுகளைக் கட்டியது.

துணியும் பிசினும் செய்யும் வேலை

மண்சுவருக்கு வைக்கோல் சேர்ப்பதன் நோக்கம் யாவரும் அறிந்ததே. மண் ஒட்டிப் பிடிக்கின்றது. வைக்கோல் வெடிப்பைத் தடுக்கின்றது. அவ்வாறே கண்ணாடி நார் இழுவையைத் தாங்க, பிசின் நாரைப் பிணைத்து நீரைத் தடுக்கின்றது.

துணி வகை

1. நறுக்கிய நார்ப்பாய்: குறுகிய நார்கள் எத்திசையும் பரவியது. வளைவுகளில் எளிதிற் படியும்; நீர் கசியாத படையைத் தரும். சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள பாய் ஒரு படைக்கு ஏறத்தாழ 1 மி.மீ. தடிப்புத் தரும். ஒரு கிலோ பாய்க்கு 2 முதல் 2½ கிலோ பிசின் வேண்டும்.

2. நெய்த நார்த்துணி: வலிமை மிக்கது. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பிசின் போதும். இதனை இரு பாய்ப் படைகளுக்கு நடுவில் இடுதல் நன்று.

பிசின் வகை

1. பொலியெஸ்ரர்: விலை குறைந்தது. பைபர்கிளாஸ் தொட்டியின் வெடிப்புக்கு ஏற்றது.

2. எப்பொக்சி: விலை கூடியது, ஒட்டும் வலிமை மிக்கது. சீமெந்துத் தொட்டிக்கு இதுவே சிறந்தது. சீமெந்தின் காரம் ஈரத்துடன் சேர்ந்து பொலியெஸ்ரரைச் சிதைக்கும். எப்பொக்சியுடன் நெய்த துணியையே பாவித்தல் வேண்டும். சாதாரண நார்ப்பாயின் பசை பொலியெஸ்ரரிற் கரையுமேயன்றி எப்பொக்சியிற் கரையாது.

கறுப்புப் பிளாஸ்ரிக் தொட்டியில் இவ்விரு பிசினும் நிலைத்து ஒட்டா. அதற்குச் செலவிடாதீர்கள். அதனைச் சூட்டினால் உருக்கி ஒட்டுவதே முறை.

செய்முறை

பைபர்கிளாஸ் தொட்டியின் வெடிப்பைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு மினுக்கம் போகத் தேய்த்து, தூசி நீக்கி, நன்கு உலரவிடுக. ஈரத்தின் மீது பூசிய பிசின் கழன்றுவிடும்.

அரை மீற்றர் சதுரமான ஒட்டுக்கு 450 கிராம் வகைப் பாய் இரு படையும், நடுவில் 600 கிராம் வகை நெய்த துணி ஒரு படையும் இடுவதாயின், பாய்க்கு ஏறத்தாழ 500 கிராமும் துணிக்கு 150 கிராமும், ஆக 650 கிராம் பொலியெஸ்ரர் தேவை. இறுகவைக்கும் திரவம் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது 6½ கிராம் சேர்க்குக. இரண்டு பங்குக்கு மேற் சேர்க்கலாகாது. வெயிலிற் பிசின் விரைந்து இறுகுமாதலால் காலை வேளையிற் சிறிது சிறிதாகக் கலந்து பூசுக. காற்றுக்குமிழிகளை உருளையால் அழுத்தி வெளியேற்றுக. குமிழி நின்ற இடத்திலேயே பின்னர் ஒழுக்குத் தோன்றும்.

எப்பொக்சிக்கு இவ்வளவு பொருந்தாது. உற்பத்தியாளர் குறித்த பங்கையே நிறுத்துக் கலக்குக. இறுக்கியைக் கூட்டினால் அது விரைந்து இறுகாது, பழுதாகும்.

எச்சரிக்கை

பொலியெஸ்ரரை இறுகவைக்கும் திரவம் கண்ணிற் பட்டால் பார்வை கெடலாம். உடனே நீரால் 15 நிமிடமாயினும் கழுவி வைத்தியரிடம் செல்க. அத்திரவத்தைக் கோபாற்றுத் திரவத்துடன் நேரே கலந்தால் வெடிக்கும். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், நெருப்பை அகற்றி வேலை செய்க.

ஒட்டை ஒரு வாரம் இறுகவிட்டு, தொட்டியை நீரால் நிரப்பி, அந்நீரை வெளியேற்றிய பின்னரே பாவிக்குக. குடிநீர்த் தொட்டியாயின், குடிநீருக்கு உகந்ததெனக் குறிக்கப்பட்ட பிசினையே வாங்குக.