விடைக்குப் பின்னால் ஒரு வழி

நுழையும்முன்

தான் கற்றதைப் பிறர்க்குக் கற்பிக்கும்போதுதான் அதன் ஆழம் புலப்படும். திருச்சிராப்பள்ளி மன்னார்புரத்தில் கற்பித்தல் பயிற்சி பெற்ற கணித ஆசிரியர் ஒருவரின் எண்ணங்கள் இங்கே பாடமாகின்றன.

மாணவியின் வினா

கணக்கைச் செய்யத் தெரிவது ஒன்று. செய்யக் கற்பிப்பது வேறொன்று. ஆறாம் வகுப்பில் பின்னங்களின் கூட்டலை நடத்தியபோது இது எனக்குத் தெளிவாயிற்று. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டுமாறு கூறினேன். மாணவி ஒருத்தி தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டி, ஐந்தில் இரண்டு என எழுதினாள்.

அவ்விடையை அடித்துத் திருத்துவது எளிது. ஆயினும், அதிலும் ஒரு சிந்தனை இருந்தது. முழு எண்களைக் கூட்டிப் பழகிய மனம் அம்முறையையே பின்னத்திலும் செலுத்தியிருந்தது. “ஐந்தில் இரண்டு, அரையைவிடப் பெரியதா, சிறியதா?” என வினவினேன். “ஐந்தில் பாதி இரண்டரை, ஆகவே சிறியது” என்றவள், சற்றே நின்று, “கூட்டிய பிறகு எப்படிக் குறையும்?” என்று தானே கேட்டாள். பின்னர் ஒரு தாளை ஆறு சம பங்குகளாக மடித்தோம். அரை, மூன்று பங்குகளாயிற்று. மூன்றில் ஒன்று, இரண்டு பங்குகளாயிற்று. ஆறில் ஐந்து என்னும் விடையை அவளே கண்டறிந்தாள்.

முந்திரிக் கணக்கு

இக்கருத்து நம் மரபிற்குப் புதியதன்று. பழந்தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. கால் என்பது 80 முந்திரி; மா என்பது 16 முந்திரி; காணி என்பது 4 முந்திரி. எனவே, காலும் மாவும் சேர்ந்தால் 96 முந்திரி. வெவ்வேறு அளவுகளை ஒரே சிற்றலகால் அளந்தால் கூட்டல் எளிதாகும். பொதுப் பகுதி காண்பதன் பொருளும் இதுவே. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனம் செய்தனர்; மனனத்தோடு காரணமும் சேர்ந்தால் கல்வி நிலைபெறும்.

தூண்டுபவரே ஆசிரியர்

பிரெஞ்சு நாட்டவரான சார்லஸ் ரசீன் அடிகளார் 1937இல் இந்தியா வந்து, திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். 1939இல் சென்னை இலயோலா கல்லூரிக்குச் சென்றார். பாடத்திட்டத்திற்கு அப்பாலும் நோக்குமாறு மாணவரைத் தூண்டினார். அங்கு அவரிடம் பயின்ற எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் உலகறிந்த கணித அறிஞர்களாயினர்.

‘எனக்குக் கணக்கு வராது’ என்று ஒதுங்கும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவர் எழுதிய விடைக்குப் பின்னாலும் அவர் நடந்த வழி ஒன்று இருக்கும். அவ்வழியைக் கேட்டறிவது ஆசிரியர் கடமை. பிழைபட்ட விடையை அழிக்கும்முன், ‘இஃது எவ்வாறு வந்தது?’ என உங்களையே வினவிப் பாருங்கள். அங்கிருந்தே கணிதம் தொடங்குகிறது.