குறித்த நாளும் கிடைக்கும் சாதனமும்: திட்டக் கால அட்டவணையில் ஒரு பாடம்

சித்தூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை, மொகிலி மலைப்பாதையில் ஏறி மேட்டு நிலத்தை அடைந்த பின் பலமனேரை எட்டுகிறது. கடல் மட்டத்துக்கு மேல் 600 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ள இவ்வூரைச் சுற்றிலும், சித்தூர் மாவட்டத்தின் பிற பகுதிகளைப் போலவே, ஏரிகளும் கிணறுகளுமே பயிர்த்தொழிலுக்கு ஆதாரம். ஏரியைப் பழுதுபார்ப்பதற்கு ஏற்ற காலம், அது வறண்டு கிடக்கும் கோடைதான். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், பாதி உயர்த்திய கரை எந்நேரமும் உடையக்கூடும். உடைந்தால் அவ்வாண்டு நீர் மட்டுமன்றி, ஏரிக்குக் கீழுள்ள வயல்களும் பாழாகும்.

ஆகையால் ஏரி வேலையில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எந்த நாளுக்குள் முடிய வேண்டும் என்பது ஒன்று. அதற்கு வேண்டிய யந்திரமும் ஆட்களும் எந்த நாட்களில் கிடைப்பார்கள் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு மட்டும் விடை எழுதிவிட்டுத் திட்டம் தயாராகிவிட்டதென்று எண்ணுவது, ஏரி வேலையிலும் விண்வெளி வேலையிலும் ஒருங்கே காணப்படும் பிழையாகும். இன்று கால அட்டவணைகளைக் கணிப்பொறியே வகுத்துத் தருகிறது. ஆனால் கணிப்பொறி இப்பிழையைத் தானாகத் திருத்துவதில்லை. சில சமயம் அதை மறைத்தும் விடுகிறது.

கணக்கு பிறந்த வரலாறு

வேலைகளைக் கால அளவுக்கேற்பக் கோடுகளாக வரைந்து காட்டும் பட்டைப் படம், அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட் என்பவரின் பெயரால் வழங்குகிறது. எந்த வேலை முடிந்த பின் எந்த வேலை தொடங்கலாம் என்னும் தொடர்பைக் கொண்டு கணக்கிடும் ‘நெருக்கடிப் பாதை’ முறையை, டூபாண்ட் கம்பெனியின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் கம்பெனியின் ஜேம்ஸ் கெல்லியும் 1957-ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கினர். 1958-இல் அமெரிக்கக் கடற்படை தனது போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக ‘பெர்ட்’ என்னும் முறையை வகுத்தது.

இம்முறைகளின் அடிப்படை எளிது. தொடர்ச்சியாகச் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசைகளுள் மிக நீண்டது எதுவோ, அதுவே முழுத் திட்டத்தின் காலத்தை நிர்ணயிக்கிறது. அவ்வரிசையில் ஒரு நாள் தவறினால் திட்டமே ஒரு நாள் தவறும். பிற வரிசைகளில் சில நாட்கள் உபரியாக இருக்கும். ஆயினும் இந்த அடிப்படைக் கணக்கில் ஓர் அனுமானம் மறைந்துள்ளது: எந்த வேலைக்கும் வேண்டிய ஆளும் கருவியும் கேட்டவுடன் கிடைக்கும் என்பதே அது. அவ்வனுமானம் எங்கே பொய்க்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் அறியலாம்.

ஓர் ஏரியின் கணக்கு

பலமனேருக்கு அருகில் ஒரு சிற்றேரி இருப்பதாகக் கணக்கிற்காகக் கற்பித்துக்கொள்ளலாம். வேலை மே 1-ஆம் தேதி தொடங்குகிறது. மே 30-ஆம் தேதிக்குள் முடிந்தாக வேண்டும். வேலைகள் வருமாறு:

1. புதர்களை வெட்டி இடத்தைச் சீர்செய்தல் – 4 நாட்கள்.
2. தூர் வாருதல் – 14 நாட்கள். மண் அள்ளும் யந்திரம் தேவை.
3. கரையை உயர்த்திக் கெட்டித்தல் – 12 நாட்கள். இதற்கும் அதே யந்திரம் தேவை.
4. மதகைக் கட்டுதல் – 10 நாட்கள், கொத்தர்கள் தேவை.
5. மதகுக்கு இரும்புக் கதவு பொருத்துதல் – 2 நாட்கள். பட்டறையிலிருந்து கதவு மே 20-ஆம் தேதி காலையில் வந்து சேரும்.
6. இறுதிச் சோதனையும் சீரமைப்பும் – 3 நாட்கள்.

இடத்தைச் சீர்செய்த பின் 2, 3, 4 ஆகிய மூன்று வேலைகளும் தொடங்கலாம். மதகு கட்டி முடிந்த பின்னரே கதவு பொருத்த இயலும். எல்லாம் முடிந்த பின் இறுதிச் சோதனை.

தொடர்புகளையும் தேதிகளையும் மட்டும் கொண்டு கணக்கிட்டால், தூர் வாருதல் மே 18-இலும், கரை வேலை மே 16-இலும், மதகு மே 14-இலும் முடிகின்றன. கதவு 20, 21 ஆகிய நாட்களில் பொருத்தப்படும். சோதனை மே 24-ஆம் தேதி நிறைவெய்தும். ஆறு நாட்கள் உபரி! அட்டவணையைப் பார்ப்பவர் கவலையின்றி இருக்கலாமென்றே தோன்றும்.

யந்திரம் ஒன்று, வேலை இரண்டு

ஆனால் மண் அள்ளும் யந்திரம் ஒன்றே உள்ளது என்பதை இக்கணக்கு அறியாது. மே 5 முதல் 16 வரை அந்த ஒரே யந்திரம் ஏரியின் நடுவிலும் கரையின்மேலும் ஒரே சமயத்தில் வேலை செய்வதாக அட்டவணை காட்டுகிறது. மேலும், மே மாதத்தில் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் கங்கம்மா ஜாத்திரை நடைபெறும். அதன்பொருட்டு மே 11, 12 ஆகிய இரு நாட்களிலும் கொத்தரும், கூலியாட்களும், யந்திரம் ஓட்டுபவரும் வேலைக்கு வரமாட்டார்கள் என்று கொள்ளலாம்.

இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் நிலைமை அடியோடு மாறுகிறது. முதலில் தூர் வாருவதென்று வைத்தால், அது மே 20-ஆம் தேதி முடிகிறது. கரை வேலை மே 21-இல் தொடங்கி ஜூன் 1-ஆம் தேதி முடிகிறது. சோதனை ஜூன் 4-ஆம் தேதிதான் நிறைவெய்தும். ஆறு நாள் உபரி, ஐந்து நாள் பற்றாக்குறையாகிவிட்டது. வேலையின் அளவு ஒரு கூடை மண்ணும் கூடவில்லை. உண்மை மட்டுமே கணக்கில் சேர்ந்தது.

இனி வரிசையை மாற்றிப் பார்க்கலாம். கரை வேலையை முதலில் வைத்தால் அது மே 18-இல் முடிந்துவிடும். மே 19 முதல் 27 வரை ஒன்பது நாட்கள் தூர் வாரலாம். 28, 29, 30 ஆகிய நாட்களில் சோதனை. மே 30-ஆம் தேதி தவறவில்லை. தூர் வாருவதில் ஐந்து நாள் வேலை மட்டும் எஞ்சும். அதை அடுத்த கோடைக்கு ஒத்திவைத்தால் ஏரியில் சிறிது நீர் குறைவாகத் தங்குமேயன்றிக் கரைக்கு ஆபத்தில்லை. எது மழைக்கு முன் முடிந்தே தீர வேண்டும், எது பொறுக்கும் என்று பிரித்தறிந்ததன் பயன் இது. இந்தப் பகுத்தறிவைக் கணிப்பொறி தருவதில்லை. ஏரியை அறிந்தவர்தாம் தர வேண்டும்.

கணிப்பொறிக்கு எதைச் சொல்ல வேண்டும்?

மைக்ரோசாப்ட் பிராஜெக்ட், பிரைமவேரா முதலிய அட்டவணை மென்பொருள்களில் தேதிகளைப் பலவகைக் கட்டுப்பாடுகளாகப் பதிவு செய்யலாம். ‘இந்நாளுக்கு முன் தொடங்கலாகாது’ என்பது ஒருவகை. கதவு வரும் மே 20 இத்தகையது. ‘இந்நாளுக்குள் முடிய வேண்டும்’ என்பது மற்றொரு வகை; மழைக்கு முன் முடிய வேண்டிய மே 30 இத்தகையது. ‘இந்நாளிலேதான் நடக்க வேண்டும்’ என்பது மூன்றாவது வகை. இது மிகவும் கடுமையானது.

பழக்கமில்லாதவர் செய்யும் முதற் பிழை, ஒவ்வொரு வேலைக்கும் தமக்குத் தோன்றிய தொடக்க நாளைத் தட்டச்சு செய்வதாகும். மைக்ரோசாப்ட் பிராஜெக்டில், தானாகக் கணக்கிடுமாறு விடப்பட்ட வேலைக்கு இவ்வாறு ஒரு தொடக்க நாளை எழுதினால், ‘அதற்கு முன் தொடங்கலாகாது’ என்னும் கட்டுப்பாடாகவே மென்பொருள் அதைக் கொள்கிறது. பின்னர் முந்தைய வேலை சீக்கிரம் முடிந்தாலும் அடுத்த வேலை முன்னால் நகராது. விருப்பமாக எழுதிய தேதி, சுவராக நின்றுவிடுகிறது.

இரண்டாவது பிழை இன்னும் கேடானது. அட்டவணை பற்றாக்குறை காட்டும்போது, இறுதி வேலைக்கு ‘இந்நாளில் முடிந்தே தீர வேண்டும்’ என்று கட்டளையிட்டு விடுவது. அப்போது மென்பொருள் பணிந்துவிடும். முந்தைய வேலை முடியுமுன்பே அடுத்த வேலை தொடங்குவதாகப் படம் வரைந்து காட்டும். படத்தில் மே 30 என்றிருக்கும். கரையில் ஜூன் 4 என்றிருக்கும். இதனால்தான், தேதியைக் கட்டளையாக எழுதாமல் ‘கெடு’வாகக் குறித்து வைக்கும் வசதியும் அம்மென்பொருளில் உண்டு. கெடு வேலைகளைப் பிடித்திழுப்பதில்லை. எல்லை தாண்டும்போது எச்சரிக்கைக் குறியை மட்டும் காட்டுகிறது. பற்றாக்குறை நாட்களைக் காட்டும் அட்டவணை குறையுள்ள அட்டவணையன்று. உண்மை கூறும் அட்டவணையாகும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி நாட்காட்டி எழுதப்பட வேண்டும். எத்தனை யந்திரங்கள், எந்த நாட்களில் அவை வேறிடத்தில் உள்ளன, ஆட்களுக்கு எந்நாட்கள் விடுமுறை என்பனவற்றைத் தந்தால்தான், ஒரே சாதனத்தை ஒரே நாளில் இரு வேலைகள் கோருவதை மென்பொருள் கண்டு வேலைகளைத் தள்ளி வைக்கும். இதற்குச் ‘சமன்செய்தல்’ என்று பெயர். இச்சமன்பாடு எளிதன்று. ஒரே யந்திரத்தை நாடும் பத்து வேலைகளை 36,28,800 வரிசைகளில் அடுக்கலாம். வரம்புக்குட்பட்ட சாதனங்களைக் கொண்டு மிகச் சிறந்த அட்டவணையைக் காணும் பிரச்சினை, கணக்கியலில் மிகக் கடினமான வகையைச் சேர்ந்தது என்பது 1983-இல் நிறுவப்பட்டது. ஆதலின் மென்பொருள் சில எளிய விதிகளைப் பின்பற்றி ஒரு நல்ல விடையைத் தரும். அதுவே மிகச் சிறந்த விடையென்று கொள்வதற்கில்லை.

ஸ்ரீஹரிக்கோட்டாவில் நிகழ்ந்தது

ஏரிக்கணக்கில் கண்ட இந்த உண்மைகள் யாவும், பலமனேர் மலைகளுக்குக் கிழக்கே கடற்கரையிலுள்ள ஸ்ரீஹரிக்கோட்டாவில் 2013-ஆம் ஆண்டில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டன. அப்போது நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அத்தீவு, 2022-இல் மாவட்டங்கள் திருத்தியமைக்கப்பட்ட பின் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது.

செவ்வாய்க் கிரகத்துக்கு ஒரு கலத்தை அனுப்பும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2012 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. பூமியும் செவ்வாயும் இத்தகைய பயணத்துக்கு ஏற்ற நிலையில் அமைவது சுமார் 26 மாதங்களுக்கு ஒரு முறைதான். ராக்கெட்டை 2013 அக்டோபர் 28 முதல் நவம்பர் 19 வரையுள்ள நாட்களுள் ஒன்றில் செலுத்த வேண்டும். தவறினால் 2016-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேரும். இங்கு நவம்பர் 19 என்பது இயற்கை எழுப்பிய சுவர். அக்டோபர் 28 என்பதோ, அந்த எல்லைக்குள் மனிதர் தெரிந்தெடுத்த நாள்.

ராக்கெட்டும் கலமும் இருந்தால் மட்டும் போதாது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் கட்டம் பிரிந்த பின், நான்காம் கட்டம் எரியத் தொடங்குவதற்கு முன், சுமார் 25 நிமிடங்கள் அது உந்துவிசையின்றிச் செல்ல வேண்டியிருந்தது. நான்காம் கட்டம் எரிவதும் கலம் பிரிவதும் தென் பசிபிக் மாகடலுக்கு மேல் நிகழ வேண்டியவை. அங்கே தரை நிலையம் எதுவும் இல்லாமையால், ‘நாலந்தா’, ‘யமுனா’ என்னும் இரு கப்பல்கள் கண்காணிப்புக் கருவிகளுடன் அனுப்பப்பட்டன. பசிபிக் மாகடலில் வானிலை சீர்கெட்டதால் நாலந்தா உரிய நாளில் தன் இடத்தைச் சேர இயலவில்லை.

மண் அள்ளும் யந்திரத்தின் கதைதான் இது. எல்லாம் ஆயத்தமாக இருந்தும் ஒரு சாதனத்தின் நாட்காட்டி பொருந்தவில்லை. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அக்டோபர் 28 என்னும் நாளை விடாப்பிடியாகப் பற்றவில்லை. நவம்பர் 19 வரையிலிருந்த 22 நாள் இடைவெளியில் எட்டு நாட்களைச் செலவிட்டு, நவம்பர் 5-ஆம் தேதி பிற்பகல் 2.38 மணிக்கு ராக்கெட்டைச் செலுத்தியது. இன்னும் 14 நாட்கள் மிஞ்சியிருந்தன. மனிதர் குறித்த நாள் நகர்ந்தது. இயற்கை குறித்த எல்லை நகரவில்லை.

உபரி நாட்களின் அருமை பின்னரும் வெளிப்பட்டது. கலத்தின் சுற்றுப்பாதையைப் படிப்படியாக உயர்த்தும் முயற்சிகளுள், நவம்பர் 11-ஆம் தேதி நடந்தது குறைபட்டது. வினாடிக்கு 130 மீட்டர் வேக உயர்வு கிடைக்க வேண்டிய இடத்தில் 35 மீட்டரே கிடைத்தது. மறுநாளே ஒரு துணை முயற்சி நடத்திக் குறை நிரப்பப்பட்டது. டிசம்பர் 1-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் கலம் பூமியைச் சுற்றும் பாதையை விட்டு நீங்கியது. 2014 செப்டம்பர் 24-ஆம் தேதி செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. கால அட்டவணையில் நாளொன்றும் வெற்றிடம் விடாமல் வேலைகளை நெருக்கி அடுக்கியிருந்தால், கடலிலெழுந்த ஒரு புயலே திட்டத்தை இரண்டாண்டுகளுக்குத் தள்ளிப்போட்டிருக்கும்.

தொகுப்புரை

திட்ட அட்டவணை வகுப்போர் மனத்திற்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, அசைக்க முடியாத நாளையும் அசைக்கக் கூடிய நாளையும் பிரித்துப் பதிவு செய்தல். இரண்டாவது, ஒவ்வொரு சாதனத்துக்கும் ஆட்களுக்கும் உரிய நாட்காட்டியை வேலைப் பட்டியலுடனேயே எழுதுதல். மூன்றாவது, பற்றாக்குறை தோன்றினால் அதைக் கட்டளையால் மறைக்காமல், சாதனத்தைக் கூட்டியோ, வரிசையை மாற்றியோ, பொறுக்கக் கூடிய வேலையை ஒத்திவைத்தோ நீக்குதல்.

பயிற்சி: மேற்கண்ட ஏரியில் கரை வேலையை முதலில் செய்யும் ஏற்பாட்டில், இரும்புக் கதவு எந்த நாள் வரை தாமதித்து வந்தாலும் மே 30 தவறாது?

விடை: மே 26 காலை வரை. அன்றும் மறுநாளும் கதவைப் பொருத்திவிட்டு, 28-ஆம் தேதி சோதனையைத் தொடங்கலாம். ஆறு நாள் தாமதம் வரை கேடில்லை. ஏழாம் நாள் தாமதித்தால் திட்டம் முழுவதும் ஒரு நாள் பிந்தும்.