இளைஞர் வகுப்புப் பாடம்: வராத பிள்ளையைத் தேடிப் போவோம்



நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். இந்தப் பாடத்தை என் நண்பன் ஒருவனின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைக்கும் நாங்க ஒரே மேசை. கணக்குல அவன்தான் முதல். பிறகு டவுனில் இடைநிலைப்பள்ளி, புதுமுக வகுப்பு. பாடங்கள் மலாய் மொழிக்கு மாறின. விடியுமுன்னே பஸ். அந்த பஸ்ஸில் பெரிய பையன்கள் காசு கேட்பார்கள். கொடுக்காத நாளில் அடி. இரண்டாம் படிவத்தில் வாரத்துக்கு ரெண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் படிவத்தில் படிப்பை விட்டுவிட்டுக் காய்கறித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனான். கொஞ்ச நாளில், அடித்த அதே பையன்களோடு சுற்ற ஆரம்பித்தான்.

யாருக்கும் தெரியாதா? தெரியும். கொழுந்து பறிக்கப் போகும் அவன் அம்மாவுக்கு, பையன் சரியாகச் சாப்பிடாதது தெரியும். பஸ் ஓட்டுநருக்கு அடிதடி தெரியும். வகுப்பாசிரியருக்கு வராத நாள்கள் தெரியும். கோயிலில் தேவார வகுப்புக்கு அவன் வராதது தலைவருக்குத் தெரியும். எனக்கு எல்லாமே தெரியும். ஆனா ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குப் போகல. பள்ளி கடிதம் அனுப்பியது. மலாயில் இருந்த அந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துச் சொன்னவனே அவன்தான்!

சுவரும் குழாயும்

நம்ம மலைச் சாலை ஓரத்துத் தடுப்புச் சுவர்களில் வரிசையாகச் சிறு குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். மண்ணுக்குள் மழைநீர் தேங்கினால், அந்த அழுத்தத்தில் பலமான சுவரும் சாயும். தண்ணீர் வெளியேறத்தான் குழாய். பள்ளிப் பாதுகாப்பும் அப்படித்தான். வேலி, காவலர், கட்டொழுங்கு விதி எல்லாம் சுவர். பிள்ளை மனசுல தேங்கினதைச் சொல்ல வழி இல்லேன்னா சுவர் மட்டும் போதாது.

அந்த வழியைப் பள்ளி தனியாக உண்டாக்க முடியாது. 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தைப் பாருங்கள். பல்கலைக்கழக மாணவர்கள் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். கல்வி யாத்திரையில் பெற்றோரும் பிள்ளைகளோடு நடந்தார்கள். படிப்பை நடுவில் விட்டவர்களுக்காக 2011-இல் மைஸ்கில்ஸ் அறவாரியம் உருவானது. கைத்தொழில் கற்றுத் தந்து அவர்களை மீண்டும் நிற்க வைக்கிறது. பள்ளி, வீடு, சமூகம் மூன்றும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இவை சாட்சி.

நாம் செய்யக்கூடியவை

1. ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் இளைஞர் பொறுப்பேற்கட்டும். ஒரு பிள்ளை தொடர்ந்து பள்ளிக்கு வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய், "தம்பி எப்படி இருக்கான்மா?" என்று கேட்கட்டும். விசாரணை வேண்டாம். நலம் விசாரித்தாலே போதும்.

2. பள்ளிக் கடிதத்தைப் பெற்றோருக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குத் துணையாகப் போங்கள். நாள்கூலியை இழந்து வருபவர்கள் அவர்கள். கூட்டத்தை மாலையில் வைக்கும்படி பணிவோடு கேளுங்கள்.

3. பஸ்ஸில் நடப்பதைப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் சொல்லுங்கள். அடிபட்ட பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள்.

4. கொடுமை, மிரட்டல், போதைப்பொருள் என்று தெரிந்தால் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாரையும் பாதுகாக்கிறது. தாலியான் காசே 15999 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும். உடனடி ஆபத்து என்றால் 999.

போன தீபாவளிக்கு அந்த நண்பனைப் பார்த்தேன். "அப்ப ஒருத்தராவது வீட்டுக்கு வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்டா," என்றான். நாலு வீடு தள்ளித்தான் என் வீடு. நானும் போகல.

கலந்துரையாட

உங்கள் லயத்தில், தாமானில் இந்த மாதம் பள்ளிக்கு வராத பிள்ளை யார்? அந்த வீட்டுக்கு யார் போவது? எந்த நாள்? மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டு வகுப்பை முடியுங்கள். ஆலயத்தில் நாம் செய்யும் தொண்டு அந்த வீட்டு வாசல் வரைக்கும் போகட்டும்.